சந்தைப் பை தைக்க எந்தத் துணி, எந்த மிஷின்?

கும்பகோணத்தில் வீட்டிலேயே காய்கறிப் பை தைக்க எந்தத் துணி, எந்த மிஷின் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

5 கிலோ தாங்க கேன்வாஸ் என்ற தடித்த பருத்தித் துணிதான் சரி. சணல் வெட்டிய ஓரத்தில் பிரியும்; ஐப்பசி மழை ஈரத்தில் பூசணமும் பிடிக்கும். வெட்டும் முன் துணியை நனைத்துக் காயவையுங்கள், தைத்தபின் சுருங்காது.

காலால் மிதிக்கும் பழைய இரும்பு மிஷினே போதும், அதைத்தான் சொல்வேன். கைப்பிடி சேரும் இடத்தில் நாலைந்து மடிப்பு வரும். சின்ன பிளாஸ்டிக் மிஷின் அங்கே திணறும். 18ஆம் நம்பர் ஊசி, பாலியஸ்டர் நூல், தையல் நீளம் 3 மி.மீ. 14ஆம் நம்பர் ஊசி வளைந்து தையல் விடும், உடையவும் செய்யும். தடித்த மடிப்பில் மிதிக்காமல் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள்.

கைப்பிடி நுனியை 4 செ.மீ. உள்ளே இறக்கி, சதுரமாகத் தைத்து நடுவில் பெருக்கல் குறி போடுங்கள். ஒற்றை வரித் தையல் என்றால் பை அங்கேதான் முதலில் பிய்யும்.