குட்டி விற்ற கணக்கு யாரிடம்?

கேள்வி: அச்சுவேலிப் பக்கம் மாமா (இவரின் தகப்பனார்) ஆறு குதிரை வைத்துக் குட்டி எடுத்து விற்கிறார். இவருக்குக் கொழும்பில் வேலை, மாதம் ஒருக்கால்தான் வருவார். மாமாவுக்கு முழங்கால் வருத்தம் வந்த நாளிலிருந்து விடிய நாலரைக்குத் தண்ணி அள்ளுவது, லாயம் கூட்டுவது, தவிடு கொள்ளு வைப்பது எல்லாம் நான்தான். ஐப்பசிக் கடைசியில் ஒன்று குட்டி ஈனும். எல்லாவற்றையும் விற்றுப்போட்டு நிம்மதியாக இருப்போம் என்றால், "குடும்பத் தொழில், உனக்கென்ன கதை" என்கிறார்கள். நான் கேட்டது பிழையா?
ஒரு மருமகள், வலிகாமம்

பதில்: தங்கச்சி, பிழையில்லை. ஆனால் நீங்கள் முதலில் கேட்டிருக்க வேண்டியது வேறொன்று. உங்கள் கடிதம் நாலு பக்கம். மேலே சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். எந்தக் குதிரை வாளியைத் தட்டிவிடும், எது இடி முழக்கத்துக்கு மிரளும், ஒரு மூடை தவிடு எத்தனை நாளுக்குக் காணும், எல்லாம் அதில் இருக்கிறது. போன வருடக் குட்டி என்ன விலைக்குப் போனது என்பது மட்டும் இல்லை. உங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை, அப்படித்தானே? அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் ஐப்பசி.

சினைக்குதிரையை இப்போது விற்க வேண்டாம், இடம் மாற்றவும் வேண்டாம். சினைக்காலம் ஏறத்தாழ 340 நாள், ஆனால் இரண்டு மூன்று கிழமை முன்பின்னாகும். மாமா கலண்டரில் போட்ட வட்டத்தை நம்பாமல் மடியைப் பாருங்கள். காம்பு நுனியில் மெழுகுபோல் துளி கட்டினால் பெரும்பாலும் ஓரிரு நாளில் ஈனும். அதுவும் ஆள் நடமாட்டம் அடங்கிய சாமத்தில்தான். பனிக்குடம் உடைந்து அரை மணித்தியாலத்துக்குள் குட்டி வெளியே வரவேண்டும். வராவிட்டால் கால்நடை வைத்தியரைக் கூப்பிடுங்கள். வெள்ளைச் சவ்வுக்குப் பதில் சிவப்பு வெல்வெட் துணிபோல ஒன்று முதலில் தெரிந்தால், அவர் வரும்வரை பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. அதை உடனே கிழித்துக் குட்டியை எடுக்க வேண்டும். எப்படி என்று அவரிடம் இப்போதே கேட்டு வையுங்கள். அவருடைய நம்பரை லாயச் சுவரில் பெரிதாக எழுதுங்கள்.

ஒரு மணித்தியாலத்தில் குட்டி எழும்ப, இரண்டில் பால் குடிக்க, மூன்றில் இளங்கொடி விழ வேண்டும். மாட்டின் இளங்கொடியை ஓலையில் சுற்றி ஆலமரத்தில் கட்டித் தூக்குவது எங்கள் வழக்கம். குதிரைக்கும் தூக்குங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் முதலில் நிலத்தில் விரித்து முழுதாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு துண்டு உள்ளே நின்றாலும் தாய்க்குக் காய்ச்சல் வரும், குளம்புவரை பாதிக்கும். மாட்டுக் கடும்பைச் சர்க்கரை போட்டுக் காய்ச்சித் தின்று வளர்ந்தவர்கள் நாங்கள். இங்கே அந்த ஆசை வேண்டாம். குதிரைக்குட்டிக்கு நோயைத் தாங்கும் சக்தி அந்த முதல் பாலில்தான் கிடைக்கிறது, அதுவும் முதல் நாளுக்குள் குடித்தால்தான்.

இந்தக் காவலுக்கு ஒரு ஆள் காணாது. உங்கள் கணவர் ஒரு கிழமை லீவு எடுக்கட்டும். முன்னிரவு மாமா பார்க்கட்டும். கதிரையில் இருந்து கண் விழிக்க முழங்கால் தேவையில்லையே!

இனிக் கணக்கு. ஒரு குதிரை நாளைக்கு 25 லீற்றருக்குக் குறையாமல் குடிக்கும், வெயில் காலத்தில் 40 லீற்றரைத் தாண்டும். ஆறு குதிரைக்கு நீங்கள் வாளியால் அள்ளுகிறீர்கள். ஒரு மோட்டரும் சீமெந்துத் தொட்டியும் வாங்கக் குட்டி விற்ற காசு காணாதா? காணாதென்றால் அது தொழிலே இல்லை. காணுமென்றால் அந்தக் காசு எங்கே போகிறது? சண்டைக்கு நிற்காமல், பின்னேரத் தேத்தண்ணி நேரம் ஒரு கொப்பியோடு போய் மாமாவிடம் கேளுங்கள். விற்ற விலை, தீன் செலவு, மருந்து, குளம்பு வெட்டக் கூலி என்று எழுதுங்கள். உங்கள் கூலியையும் ஒரு வரியில் எழுதுங்கள், சிரிப்பார்கள், எழுதுங்கள்.

"குடும்பத் தொழில்" என்பவர்களைக் குறிகட்டுவானில் படகேற்றி நெடுந்தீவுக்கு அனுப்பலாம். ஒல்லாந்தர் குதிரை வளர்த்த தீவு அது. வெள்ளைக்காரன் காலத்தில் நோலன் என்ற அதிகாரி அங்கே அந்தத் தொழிலைப் பார்த்தார். தொழில் போய்விட்டது, மட்டக்குதிரைகள் கட்டாக்காலியாக மேய்கின்றன. கோடை முற்றினால் தண்ணி வைக்க ஆளில்லாமல் சாகின்றன.

ஒன்று கவனியுங்கள். ஈன்று ஏழு முதல் பத்து நாளில் குதிரை திரும்பப் பருவத்துக்கு வரும். மாமா கையோடு ஆண் குதிரையிடம் விடப் பார்ப்பார். விட்டால் இன்னும் பதினொரு மாதம் உங்கள் தலையில். "கொப்பி முடியட்டும் மாமா, பிறகு விடுவோம்" என்று அந்த இடத்தில் சொல்லுங்கள். குதிரைக்கும் அதனால் நட்டமில்லை, மூன்று கிழமையில் மறுபடி பருவம் வரும். கணக்கு நட்டம் காட்டினால் இரண்டு பெட்டைக் குதிரையோடு நிறுத்தலாம். இலாபம் காட்டினால் விடியக்காலை வேலைக்கு ஒரு ஆளைச் சம்பளத்துக்குப் பிடியுங்கள். எல்லாவற்றையும் விற்பதா என்பதை அதற்குப் பிறகு பேசலாம்.

சித்திரையில் குட்டி பால் மறக்கும், விலை பேச ஆள் வரும். அன்று முற்றத்தில் மாமாவுக்குப் பக்கத்தில் உங்களுக்கும் ஒரு கதிரை போடுங்கள். தேத்தண்ணி ஊற்ற உள்ளே போகவேண்டாம். உங்கள் கணவர் லீவில் வந்திருந்தால் அவர் ஊற்றட்டும்.