ரோனியோ மெஷினும் 400 டொலரும்

கேள்வி: எங்கள் பாடசாலை ஆங்கில இலக்கிய மன்றத்தில் இந்தத் தவணை அமெரிக்கக் கறுப்பின, லத்தீனோ எழுத்துகளுக்கு ஒரு நாள் ஒதுக்க ஆசை. "எங்கட புத்தகங்களையே வாங்க ஆளில்லை, இது எதுக்கு டீச்சர்?" என்கிறார்கள் சக ஆசிரியர்கள். என்ன சொல்வது?
- ஓர் ஆசிரியை, வெள்ளவத்தை

பதில்: அந்த எழுத்தாளர்களின் புத்தகங்களை வாங்கவும் ஒரு காலத்தில் ஆளில்லை. அதனால்தான் கட்டாயம் செய்யுங்கள் என்கிறேன்.

1963 இல் அலபாமாவின் பர்மிங்ஹாமில் தேவாலயமொன்றில் குண்டு வைத்து நான்கு கறுப்பினச் சிறுமிகளைக் கொன்றார்கள். டெட்ராய்ட்காரரான டட்லி ராண்டல் என்ற நூலகர் அதைக் கவிதையாக எழுதினார், ஒரு பாடகர் அதற்கு மெட்டுப் போட்டபோது, உரிமை கைவிட்டுப் போகக்கூடாதென்று 1965 இல் அதை ஒற்றைத் தாளில் அச்சடித்தார். பிராட்சைட் பிரஸ் என்ற அவருடைய பதிப்பகம் தொடங்கியது அந்தத் தாளில்தான். சிக்காகோவில் ஹக்கி மதுபுட்டி 1967 இல் கவிதை வாசித்துக் கிடைத்த 400 டொலரில், தாள்களைப் பிரதியெடுக்கும் பழைய ரோனியோ மெஷின் ஒன்றை வாங்கி, தான் குடியிருந்த நிலக்கீழ் வீட்டிலேயே தேர்ட் வேர்ல்ட் பிரஸ் என்ற பதிப்பகத்தைத் தொடங்கினார். எனக்கு இதில் மிகப் பிடித்தது என்னவென்றால், புலிட்சர் பரிசு பெற்ற முதல் கறுப்பினத்தவரான க்வெண்டலின் புரூக்ஸ், நியூயோர்க்கின் பெரிய பதிப்பகத்தை விட்டுவிட்டு இந்தச் சின்ன இடங்களுக்குத் தன் கவிதைகளைக் கொடுத்ததுதான். பெயர் வந்தபிறகு திரும்பி வந்தார், பாருங்கள்!

யாழ்ப்பாணத்தில் சலூன் வைத்திருந்த டொமினிக் ஜீவா மல்லிகை இதழைத் தொடங்கியதும் அதே காலத்தில்தான், 1966 இல். கையில் இதழ்களோடு தெருத் தெருவாக நடந்து விற்ற மனிதர். உங்கள் சக ஆசிரியர்களிடம் ராண்டல், மதுபுட்டி, ஜீவா மூன்று பேரின் கதையையும் சேர்த்தே சொல்லுங்கள்.

கேள்வி: புத்தகத்தை நன்றாகப் போட்டால் போதாதா? பாடசாலை, விழா என்று அலைவது எதற்கு?
- ஒரு மாணவர், மட்டக்குளி

பதில்: போதாது தம்பி. 1979 இல் நிக்கோலஸ் கனெல்லோஸ் தொடங்கிய ஆர்ட்டே பூப்ளிக்கோ பிரஸ் என்ற லத்தீனோ பதிப்பகம், 1984 இல் சாண்ட்ரா சிஸ்னெரோஸின் 'த ஹவுஸ் ஒன் மாங்கோ ஸ்ட்ரீட்' நாவலை முதலில் வெளியிட்டது. பெரிய பதிப்பகமொன்று அதைப் பிறகுதான் எடுத்தது. இன்றும் அந்த நாவல் உயிரோடிருக்கிறதென்றால், வகுப்பறைகளில் அதைப் பாடமாக நடத்துவது ஒரு பெரிய காரணம்.

வகுப்பறைக் கதவை மூடினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டார்கள். அரிசோனாவின் டூசன் நகரப் பாடசாலைகளில் மெக்சிக்கன் அமெரிக்கக் கல்வித் திட்டத்தை 2012 இல் நிறுத்தி, அதன் புத்தகங்களை வகுப்புகளிலிருந்து எடுத்துவிட்டார்கள். உடனே ஹூஸ்டனிலிருந்து எழுத்தாளர் டோனி டயஸும் நண்பர்களும் அதே புத்தகங்களை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு, வழியெல்லாம் கூட்டம் வைத்தபடி டூசனுக்குப் போனார்கள். அந்தத் தடை இனவெறுப்பால் வந்தது என்று 2017 இல் ஒரு நீதிபதி தீர்ப்பளித்தார்.

விழாவும் அப்படித்தான். நியூயோர்க்கின் கறுப்பினப் பகுதியான ஹார்லெமில் புத்தகக் கண்காட்சி 1998 இல் தெருவிலேயே ஆரம்பமானது, கடைக்குள் வராதவனையும் புத்தகம் போய்ச் சந்திக்க வேண்டும் என்பதற்காக. நம்முடைய பண்டாரநாயக்க மண்டபக் கண்காட்சிக்கு செப்டெம்பரில் அவ்வளவு சனம் வருகிறது, சரி, ஆனால் கொட்டாஞ்சேனையில் ஒரு தெருவை ஒருநாள் மறித்துப் புத்தகம் பரப்ப நமக்கு இன்னும் தோன்றவில்லையே!

கேள்வி: எங்கிருந்து தொடங்குவது?
- ஒரு வாசகி, வத்தளை

பதில்: ஒரே ஒரு தாளிலிருந்து. ஒரு பக்கத்தில் கறுப்பினக் கவிதை ஒன்று, நீங்களே தமிழாக்கியது. மறுபக்கத்தில் நம் மலையகக் கவிதை ஒன்று. சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்திலும் எழுதியவர் என்பதால் இலக்கிய மன்றப் பிள்ளைகளுக்கு அவர் நல்ல பொருத்தம். தேடுவதற்கு கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம் இருக்கிறது. அப்புறம் நூறு பிரதி போட்டோகொப்பி எடுத்து, பாடசாலை விடும் நேரத்தில் வாசலில் நின்று கொடுங்கள், அம்மாமார் கையிலும் சேர்த்து.