மகனை ஈ.எஸ்.எல். வகுப்பில் இருக்க விடுங்கோ

தங்கச்சி, யாழ்ப்பாணத்தில் பத்தாம் வகுப்புப் படித்த மகனை கனடாவில் ஸ்காபரோ பள்ளிக்கூடத்தில் ஈ.எஸ்.எல். வகுப்பில், அதாவது ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் படிப்பிக்கிற வகுப்பில் போடுகினம், வேண்டாம் என்று சொல்லலாமோ என்று கேட்டிருக்கிறீங்கள்.

வேண்டாம் என்று சொல்லாதேங்கோ. ஈ.எஸ்.எல். என்றால் மொக்குப் பிள்ளைக்கு என்று கதை கட்டுறது எங்கட சனம்தான். ஒன்ராறியோ மாகாணத்தில் உயர்நிலைப் பள்ளி டிப்ளோமாவுக்கு 30 கிரெடிட் (பாட அலகு) வேணும். ஈ.எஸ்.எல். ஐந்து படி, ஒவ்வொன்றுக்கும் முழுக் கிரெடிட். கட்டாய ஆங்கிலக் கிரெடிட் நான்கில் மூன்றுக்கு அது ஈடாகும். 21 வயது வரை படிக்கலாம், அந்தரப்பட வேண்டாம்.

கவனிக்க வேண்டியது வேற. ஈ.எல்.டி. என்று இன்னொரு பிரிவு இருக்குது. அது படிப்பு இடையில் அறுந்த பிள்ளைகளுக்கு. மகனைத் தவறி அதில் போடாமல் இருக்க, ஊர்ப் பள்ளி அறிக்கைகளை மொழிபெயர்த்துக் கொண்டு போங்கோ. அவரைத் தமிழிலும் ஒரு பக்கம் எழுதிக் காட்ட விடச் சொல்லிப் பள்ளிக்கூடத்தைக் கேளுங்கோ. அவற்ற கணக்குப் பாட அறிவை ஆங்கிலத்தோட சேர்த்து மட்டிட விடாதேங்கோ.

ஒரு வருடத்தில் மகன் போனில் ஆங்கிலம் சரளமாகக் கதைப்பார். அதைப் பார்த்துத்தான் கனபேர் ஏமாறுகினம். டொரன்டோ பல்கலைக்கழகத்து மொழிக்கல்வி ஆய்வாளர் ஜிம் கமின்ஸ் சொன்ன கணக்கு இது: பேச்சு ஆங்கிலத்துக்கு ஏறத்தாழ 2 வருடம், பாட ஆங்கிலத்துக்கு 5 வருடமாவது. ஒளித்தொகுப்பு மாதிரிப் பாடம் மகனுக்கு ஊரிலேயே விளங்கினது. இங்க பெயர்தான் புதுசு. கொப்பியில் ஒரு பக்கம் தமிழ்ச் சொல், எதிர்ப்பக்கம் ஆங்கிலச் சொல் எழுதட்டும். ஆய்வு அறிக்கையை முதல் தமிழில் வரைந்து பிறகு மாற்ற விடுவீங்களோ என்று ரீச்சரிட்டக் கேளுங்கோ. நல்ல ரீச்சர்மார் சம்மதிப்பினம். ரீச்சர் கதைக்கேக்க இவர் மரியாதைக்குத் தலை குனிவார், அதைக் கவனமில்லை என்று எடுக்கக்கூடும். விளங்காமலே தலையாட்டுறதும் வேண்டாம். விளங்கினதைத் திருப்பிச் சொல்லப் பழக்குங்கோ. இங்கத்தைய பத்தாம் வகுப்பு எழுத்தறிவுச் சோதனையைப் பின்போடலாம். பெயரைச் சுருக்கிக் கூப்பிட்டால் முழுப் பெயரைச் சொல்லிக் கொடுக்கட்டும்.

வீட்டில் ஆங்கிலம் மட்டும் என்று சட்டம் போடாதேங்கோ. தொண்ணூறுகளில் வந்த எத்தனையோ தாய் தகப்பன் அப்படித்தான் போட்டவை. தங்கட அரைகுறை ஆங்கிலத்தில் பிள்ளையோட ஒரு சண்டையைக்கூட முழுசாப் பிடிக்க ஏலாமல் நிண்டவை. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பும் உயர்நிலைப் பள்ளிக் கிரெடிட்தான். அதையும் பதிந்து விடுங்கோ.