பல்கலைக்கழக மாணவர்கள் மனஅழுத்தத்துக்காக மைன்ட்புல்னஸ் தியானத்தைத் தேடிப் போவது ஏன்?

நீங்களும் பரீட்சை நெருங்கி வரும் ஒரு மாணவர் என்றே நினைக்கிறேன். மற்றவர்கள் இதை இவ்வளவு அக்கறையாகக் கேட்பதில்லை.

நான் கண்டவரை முதல் காரணம் நித்திரை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படித்தபோது கொக்குவிலில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். மூன்றாம் வருடம் பரீட்சை கிட்டக் கிட்ட, படுத்தால் கண் மூடாது, நெஞ்சு படபடக்கும். அம்மாவிடம் சொன்னால் அடுத்த பஸ்ஸிலேயே கிளிநொச்சியிலிருந்து வந்துவிடுவார். மனநல கிளினிக்குக்குப் போவதை யாராவது கண்டால் ஊர்க்கதை என் தங்கச்சியின் கலியாணப் பேச்சு வரைக்கும் போகும். பக்கத்து அறை அக்காதான் இந்தத் தியானத்தைக் காட்டித் தந்தார். "மூச்சை மட்டும் பார். யோசனை வந்தா வரட்டும், திரும்பி மூச்சுக்கு வா." பாயில் இருந்து கண்ணை மூடினால் யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை, காசும் இல்லை. அதனால்தான் தொடங்கினேன். முதலில் எரிச்சல்தான் வந்தது. போகப் போக, 'பெயிலாகிவிடுவேன்' என்பது வந்து போகும் ஒரு யோசனை என்று பிடிபட்டது. அப்புறம் நித்திரையும் வந்தது.

"இது எங்களிடம் இல்லாததா, வெள்ளைக்காரர் சொன்னால்தான் செய்வீர்களா?" என்று சிலர் கேட்பார்கள். யாழ்ப்பாணத்துச் சித்தர் யோகர் சுவாமிகளின் 'சும்மா இரு' கேட்டு வளர்ந்தவள்தான் நானும். ஆனால் பௌத்த தியானத்திலிருந்து எடுத்ததை, 1979இல் அமெரிக்காவின் மசாசுசெட்ஸில் ஜோன் கபட்-சின் என்ற பேராசிரியர் சமயம் கலக்காத பயிற்சியாக மருத்துவமனைக்குள் கொண்டுவந்தார். சமயம் கலக்காததால்தான் என் கத்தோலிக்கத் தோழியும் முஸ்லிம் தோழியும் தயங்காமல் என்னோடு வந்து இருந்தார்கள். இதில் என்ன குறை?

மருந்துக்குப் பதில் தியானம் என்று நான் சொல்லவில்லை. உயிரை விடலாம் போல இருந்தால் தியானத்தை விட்டுவிட்டு 1926க்கு அழையுங்கள், அது இலங்கையின் தேசிய மனநல உதவி இலக்கம்.

நித்திரை பற்றிக் கேட்காததையும் ஒன்று சொல்கிறேன். எங்கள் அறைக்குப் பக்கத்துக் கோயிலின் ஒலிபெருக்கி விடிய முன்னரே தொடங்கிவிடும், திருவிழா என்றால் நடுச்சாமம் வரைக்கும் போகும். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி வேண்டும். ஆனால் சத்தத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்கப் போன எங்களுக்குத்தான் 'சாமி விசயத்தில் தலையிடாதீர்கள்' என்று ஏச்சு விழுந்தது. நானும் சைவ சமயம்தான். தேவாரம் கோயில் வீதிக்குள் கேட்டால் போதாதா? படிக்கிற பிள்ளைகளும் வருத்தக்காரரும் இருக்கிற ஒழுங்கை அது.