மிக்ஸி புகைஞ்சா, ஃபேன் மெதுவா சுத்துனா... ரிப்பேரா, புதுசா?

கேள்வி: 4 வருஷம் முன்னாடி வாங்குன 750 வாட்ஸ் மிக்ஸி. இட்லிப்பொடி அரைக்கும்போது புகை வந்து நின்னு போச்சு. தெருமுனை ரிப்பேர் கடைல மோட்டார் காயில் எரிஞ்சிருச்சு, 1400 ரூபா ஆகும், அதுக்கு புதுசே வாங்கிடுங்கன்னு சொல்றாங்க. புதுசு 3500 சொல்றான். என்ன பண்ணலாம்?

பதில்: கடைல கழட்ட விடாதீங்க, முதல்ல பழைய பில்லை தேடுங்க. நிறைய கம்பெனி மிக்ஸில மொத்தத்துக்கு 2 வருஷம்னு இருந்தாலும் மோட்டாருக்கு மட்டும் தனியா 5 வருஷம் வாரண்டி போட்டிருப்பாங்க, நமக்கு அந்த 2 வருஷம் மட்டும்தான் ஞாபகத்துல நிக்கும். உங்களுக்கு 4 வருஷம்தானே ஆகுது, அப்படி இருந்தா காயில் ஃப்ரீயாவே மாறலாம், ஆனா வெளி ஆள் கழட்டிட்டா அந்த வாரண்டி செல்லாதுன்னு கைய விரிச்சிடுவாங்க. வாரண்டி இருந்தும் சர்வீஸ் சென்டர்ல இழுத்தடிச்சா 1915க்கு போன் பண்ணி கம்ப்ளைன்ட் குடுங்க, அது தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன்.

வாரண்டி இல்லைன்னா, உண்மையிலேயே காயில்தானான்னு பாக்கணும். மோட்டார் ஓடுற சத்தம் கேக்குது ஆனா பிளேடு சுத்தலைன்னா கப்ளர் (மோட்டாரையும் ஜாரையும் இணைக்கிற பார்ட்) தேஞ்சிருக்கு, சின்ன செலவு. சத்தமே இல்லைன்னா மிக்ஸிய ஆறவிட்டு கவுத்து அடியில இருக்கிற ஓவர்லோட் பட்டனை அமுக்கிப் பாருங்க, பாதி பேர் இது தெரியாமதான் கடைக்கு தூக்கிட்டு போறாங்க. உள்ள தீப்பொறி பறக்குது, விட்டு விட்டு ஓடுதுன்னா கார்பன் பிரஷ் (மோட்டாருக்கு கரண்ட் கடத்துற சின்ன கட்டி) தேஞ்சிருக்கு, அதுவும் சின்ன செலவுதான். உங்களோடது புகை வந்து நின்னதால கடைக்காரர் சொல்றது சரியாதான் இருக்கும், ஆனா கழட்டி கருகின காயிலை கண்ணால காட்டச் சொல்லுங்க.

இன்னொன்னு, பொடி அரைச்ச அந்த ஜாரை எடுத்து பிளேடை கையால சுத்திப் பாருங்க (பிளக் புடுங்கிட்டு, ஜாரை தனியா எடுத்துட்டு). இறுக்கமா சுத்துச்சுன்னா புஷ் (பிளேடு தண்டு சுத்துற வளையம்) போயிருக்கு, அந்த ஜாரை ஓட்டித்தான் மோட்டாரே எரிஞ்சிருக்கும். அதை சரி பண்ணாம புது காயில் போட்டாலும் அதே கதிதான், புது மிக்ஸி வாங்கி பழைய ஜாரை மாட்டுனாலும் அதே கதிதான். 1400 குடுக்குறதா இருந்தா காப்பர் காயிலா அலுமினியமான்னு கேட்டு பில்லுல எழுதி வாங்குங்க. எழுதித் தர மாட்டேன்னா நான் புதுசுதான் வாங்குவேன். எக்ஸ்சேஞ்ச்ல 500 குறைக்கிறோம்னு சொன்னா எம்.ஆர்.பி.ல இருந்தா, விக்கிற விலைல இருந்தான்னு கேளுங்க, பல நேரம் அங்கதான் கணக்கு இடிக்கும்.

இதுவே கிரைண்டரா இருந்தா நான் யோசிக்கவே மாட்டேன், கல்லு நல்லா இருக்கிற வரைக்கும் பெல்ட் மாத்தி, மோட்டார் மாத்தி ஓட்டலாம்.

கேள்வி: சீலிங் ஃபேன் 12 வருஷம் ஆச்சு, 5ல வச்சாலும் மெதுவாதான் சுத்துது. மாத்திடலாமா?

பதில்: கெப்பாசிட்டர் (ஃபேன் மோட்டார் சுத்த உதவுற சின்ன பார்ட்) வீக் ஆகியிருக்கும். அதோட அளவு பெரும்பாலும் 2.5 எம்.எஃப்.டி தான், பழசு மேலயே எழுதியிருக்கும், அதையே கேட்டு வாங்கி எலக்ட்ரீஷியன வச்சு மாத்துங்க, பெருசா செலவு ஆகாது. கர கரன்னு சத்தமும் இருந்தா பேரிங், அதுவும் மாத்தலாம். காயில் போச்சுன்னு சொன்னா மட்டும் 12 வருஷ ஃபேனுக்கு ரீவைண்டிங் (காயில் கம்பியை புதுசா சுத்துறது) பண்ணாதீங்க, பி.எல்.டி.சி ஃபேன் (கரண்ட் கம்மியா இழுக்கிற புது வகை மோட்டார் ஃபேன்) வாங்கிடுங்க. பழசு 75 வாட்ஸ் இழுக்கும், இது 30 வாட்ஸ். தினம் 15 மணி நேரம் ஓடுற ஃபேன்னா ரெண்டு மாச பில்லுல கிட்டத்தட்ட 40 யூனிட் குறையும், இன்வெர்ட்டர் இருந்தா பேக்கப்பும் கூடுதல் நேரம் நிக்கும். ஆனா இதுல உள்ள ஒரு சர்க்யூட் போர்டு இருக்கு, அது போனா தெருமுனை கடைல சரி பண்றது கஷ்டம், அதனால வாரண்டி எத்தனை வருஷம், ஊர்ல சர்வீஸ் சென்டர் இருக்கான்னு பாத்து வாங்குங்க. எப்பவாச்சும் சொந்தக்காரங்க வந்தா மட்டும் போடுற ரூம் ஃபேனுக்கு இதெல்லாம் தேவையில்ல, கெப்பாசிட்டரோட விட்டுடுங்க.

கேள்வி: எலக்ட்ரிக் கெட்டில் தண்ணி கொதிக்கறதுக்கு முன்னாடியே ஆஃப் ஆகுது, தூக்கிப் போட்டுடவா?

பதில்: போர் தண்ணியா? அப்ப உள்ள அடியில வெள்ளையா உப்பு படிஞ்சிருக்கும், அதனால அடி சீக்கிரம் சூடேறி, சூட்டைப் பாத்து ஆஃப் பண்ற தெர்மோஸ்டாட் முன்னாடியே கட் ஆகும். தண்ணில எலுமிச்சம் சாறு கலந்து கொதிக்க வச்சு அரை மணி நேரம் விட்டு கழுவுங்க. அப்பவும் சரியாகலைன்னா புதுசு வாங்கிக்கங்க, கெட்டில ரிப்பேர் பண்றதுக்கு நம்ம ஊர்ல யாரும் பெருசா மெனக்கெடறதில்ல. அடியில தண்ணி கசிஞ்சா மட்டும் எம்சீல் போட்டு ஒட்டிட்டு திரும்ப பிளக்ல மாட்டாதீங்க, ஷாக் அடிக்கும்.