கரண்டுக்காரர்

அன்புள்ள ஐயா,
பி.பி.டி. முடித்துவிட்டு இரண்டு வருடமாகப் பென்னாகரம் பக்கம் வீடு வீடாகப் போய் பிசியோதெரபி செய்கிறேன். ஊரில் எனக்குப் பெயர் ‘கரண்டு வைக்கிற பொண்ணு’. அந்தக் கரண்டு மெஷினை எடுத்துப் போகாத நாளில், “சும்மா கையக் கால ஆட்டிட்டுப் போறதுக்கா வந்த?” என்கிறார்கள். நாலரை வருடம் படித்தது இதற்குத்தானா? பெங்களூருக்குப் போய்விடலாமா என்று பார்க்கிறேன். நீங்களும் இந்த வேலையில் இருந்தவர் என்பதால் கேட்கிறேன்.
எஸ்.

அன்புள்ள எஸ்.,

எனக்கும் அதே மாதிரிப் பெயர்தான், ‘கரண்டுக்காரர்’. தர்மபுரியில் கிளினிக் வைத்திருந்தபோது, மெஷின் ரிப்பேரான வாரம் பாதிப் பேர் வாசலோடு திரும்பிவிட்டார்கள். அது வலியைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும், எழுந்து நடக்க வைக்காது. சொன்னால் யார் கேட்கிறார்கள்? காசு கொடுப்பவருக்குச் சுருசுருவென்று ஏதாவது ஏறியாக வேண்டும்.

வீட்டுக்கே வந்து வைத்தியம் பார்க்கிற அரசுத் திட்டமான மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். அதற்கெல்லாம் வெகுகாலம் முன்பு நான் டிவிஎஸ் 50-இல் வீடு வீடாகப் போவேன். காரிமங்கலம் பக்கம் ஒரு அம்மாவுக்குப் பக்கவாதம், இடது பக்கம். வாரம் இரண்டு நாள் பயிற்சி. மூன்றாவது வாரம் தோளைத் தொடவே விடவில்லை. தோள் எலும்புக்குக் கீழே ஒரு விரல் நுழைகிற பள்ளம், மூட்டு இறங்கியிருந்தது. மருமகள் தினமும் அந்தக் கையைப் பிடித்து இழுத்துத்தான் உட்கார வைத்திருக்கிறாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும்? பயிற்சியெல்லாம் படுத்திருப்பவருக்குச் சொன்ன நான், தூக்குகிறவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அன்றைக்கு நானே கட்டிலில் படுத்துக்கொண்டேன். முழங்காலை மடக்கு, ஒருக்களித்துப் புரட்டு, காலை வெளியே தொங்கவிடு, தோள்பட்டைக்குப் பின்னால் கை கொடுத்து எழுப்பு. மருமகள் தன் கணவனுக்குச் சொல்ல, அவன் என்னைத் தூக்கினான். வீடே சிரித்தது. அந்த அம்மாவும் கோணின வாயோடு சிரித்தார்.

அப்புறம் வெறும் குண்டானும் களிக்கோலும் கொடுத்தேன். இடது கை கோலைப் பிடிக்க, வலது கை அதன்மேல் பொத்திக்கொள்ள வேண்டும். கையை நீட்டு மடக்கு என்றால் அடம்பிடித்தவர், காலிக் குண்டானை, “அடி பிடிச்சுக்கும்” என்று முணுமுணுத்துக்கொண்டே கிண்டினார். மெஷினை அதன்பிறகு யாரும் கேட்கவில்லை.

சம்பளத்துக்காகப் பெங்களூர் என்றால் போங்கள், அது நியாயம். பெயருக்காக வேண்டாம். நாளைக்குப் போகிற வீட்டில் யார் தூக்குகிறார்கள் என்று முதலில் பாருங்கள். நீங்கள் அந்த மருமகளையே படுக்க வைத்துக் காட்டலாம். ஆம்பளையான எனக்கு அந்த வசதி இல்லாததால்தான் நான் படுத்தேன்.