ஆர்.ஏ. கட்டினால் மட்டும் போதாது, கேட்கவும் வேண்டும்

கேள்வி: சாட்ஸ்வர்த்தில் வசிக்கிறேன். டர்பனில் மாதம் 30,000 ராண்ட் சம்பளம். அலுவலக ஓய்வூதிய நிதி போக, மூன்று ஆண்டுகளாக என் வங்கிக் கணக்கிலிருந்து மாதம் 2,500 ராண்ட் ஒரு ஆர்.ஏ.வுக்கு, அதாவது தனிநபர் ஓய்வூதியச் சேமிப்புத் திட்டத்துக்கு, போகிறது. இதற்கு வரிச்சலுகை உண்டு என்கிறார் என் தம்பி. முதல் இரண்டு ஆண்டுகள் நானே கணக்கு தாக்கல் செய்தேன்; இந்த ஆண்டு தென்னாப்பிரிக்க வரித்துறையான சார்ஸே மதிப்பீட்டை அனுப்பிவிட்டது. பணம் தானாக வருமா?

பதில்: தம்பி சொன்னது சரி. ஆனால் தானாக வரும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள்.

அலுவலகம் ஆண்டுதோறும் தரும் சம்பள வரிச் சான்றான ஐ.ஆர்.பி.5ஐ எடுத்துப் பாருங்கள். பிடித்தங்கள் பகுதியில் 4006 என்ற எண் இருக்கிறதா? அதுதான் ஆர்.ஏ.வுக்கான குறியீடு. உங்களுடையதில் அநேகமாக இருக்காது. பணம் வங்கியிலிருந்து நேரே போவதால், சம்பளப் பிரிவுக்கு நீங்கள் ஆர்.ஏ. கட்டுவதே தெரியாது, அதைக் கழிக்காமலேயே வரி பிடித்திருப்பார்கள்.

எவ்வளவு கழிக்கலாம்? சம்பளம், வரிக்குரிய வருமானம் இரண்டில் எது அதிகமோ அதில் 27.5 சதவீதம் வரை, எல்லா ஓய்வூதிய நிதிகளுக்கும் சேர்த்து. 2016 மார்ச்சில் இந்த முறை வந்தபோது ஆண்டுக்கு 350,000 ராண்ட் என்று ஓர் உச்சவரம்பும் வைத்தார்கள். அந்தக் கவலை நம்மைப் போன்றவர்களுக்கு இல்லை. 360,000 ராண்ட் ஆண்டுச் சம்பளத்துக்கு 27.5 சதவீதம் என்றால் 99,000. அலுவலக நிதிக்கு 27,000 போவதாக வைத்துக்கொண்டாலும், ஆர்.ஏ.வின் 30,000 ராண்டுக்குத் தாராளமாக இடம் இருக்கிறது. 2024, 2025, 2026 வரி ஆண்டுகளில் இந்த வருமானத்துக்கு விகிதம் 26 சதவீதம். ஆக, ஆண்டுக்கு 7,800 ராண்ட்; மூன்று ஆண்டுக்கு 23,400. சும்மா விடுகிற தொகையா அது?

ஆர்.ஏ. நிறுவனத்திடம் மார்ச் முதல் பிப்ரவரி வரையிலான வரிச் சான்றிதழை, ஒவ்வோர் ஆண்டுக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். வங்கிக் கணக்கு அறிக்கையைக் காட்டிச் சமாளிக்க முடியாது. இதே விவரத்தை நிறுவனங்கள் சார்ஸுக்கும் அனுப்புகின்றன; ஆனால் அவர்கள் பதிவில் உங்கள் அடையாள எண்ணோ வரி எண்ணோ பிசகியிருந்தால் அது உங்கள் கணக்கில் வந்து சேராது. என் விஷயத்திலேயே ஒரு முறை ஒரே ஓர் இலக்கம் தவறியிருந்தது. நிறுவனத்தார் திருத்தித் தர இரண்டு மாதம் ஆக்கினார்கள்.

இந்த ஆண்டு மதிப்பீட்டில் 30,000 விடுபட்டிருந்தால், கடைசித் தேதிக்குள் சார்ஸின் இணையதளமான ஈஃபைலிங்கில் படிவத்தைத் திருத்தி நீங்களே தாக்கல் செய்யுங்கள். நீங்களாகத் தாக்கல் செய்த பழைய ஆண்டுகளுக்குத் திருத்தக் கோரிக்கை போடலாம். மதிப்பீட்டுத் தேதியிலிருந்து மூன்று ஆண்டுதான் கெடு. ஆகவே பழையதை முதலில் முடியுங்கள். அனுப்பிய சான்றிதழ்களை ஐந்து ஆண்டு பத்திரமாக வைத்திருங்கள்.

இனிமேலாவது சம்பளப் பிரிவில் சான்று கொடுத்துப் பாருங்கள். ஒப்புக்கொண்டால் மாதாமாதம் பிடிக்கும் வரியே குறையும். ஒன்று மறந்தேன்: திரும்ப வரும் பணம் உங்கள் பெயரில் உள்ள கணக்குக்குத்தான் வரும். கணவர் கணக்கைக் கொடுத்துவிடாதீர்கள்.